கேளுங்க, டீச்சர் சொல்லுதேன்: மார்க் ஃபைலுக்கா, பேச்சுக்கா?

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் பள்ளி சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு 80 போக மீதி 20 பள்ளியின் கையில் இருக்கிறது. கேட்டலுக்கு 5, பேச்சுக்கு 5, ப்ராஜெக்டுக்கு 10. ஃபைல் எல்லாம் பளபளவென்று வருகிறது. பாதி ஏ.ஐ. எழுதியது என்று பார்த்ததுமே தெரிகிறது. வைவாவில், அதாவது ப்ராஜெக்ட் பற்றிய வாய்மொழித் தேர்வில், கேட்டால் அதையே ஒப்பிக்கிறார்கள். எதை நம்பி மார்க் போடுவது? (ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

முதல்ல அந்த ஃபைலை மூடி ஓரமா வைங்க தங்கச்சி. மேஜையில விரிச்சுக் கிடந்தா உங்க கண்ணும் அதுக்குப் போகும், பிள்ளை கண்ணும் அதுக்குப் போகும். அப்புறம் எங்கேயிருந்து பேச்சு வரும்?

“உன் ப்ராஜெக்டின் நோக்கம் என்ன?” என்று ஆரம்பிக்காத டீச்சரை நான் பார்த்ததில்லை. அதுக்குப் பதில் முதல் பக்கத்திலேயே அச்சடிச்சிருக்கும். ஃபைலில் இல்லாததைக் கேளுங்க. யார்கிட்டப் போய்ப் பேசின? நீ போன நேரம் அவுக என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தாக? நீ நினைச்சுப் போனதுக்கு மாறா என்ன இருந்துச்சு? போகாத பிள்ளைக்கு இதில் முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கிடும்.

ஒரு வருஷம் பத்தமடைப் பாயைப் பற்றி ரெண்டு பேர் செஞ்சிருந்தாங்க. ஒரு பொண்ணு, இங்கிலாந்து ராணிக்குப் பாய் போன கதையை அட்சரம் பிசகாமச் சொன்னா. இணையத்தில் முதலில் கிடைக்கிற கதை அதுதான். “கோரையை ஏன் தண்ணியில ஊறப்போடுதாங்க?”ன்னு ஆங்கிலத்தில் கேட்டேன். முழிச்சா. அடுத்து வந்த பையன் சேரன்மகாதேவி. ஃபைல் வெறும் கோடு போட்ட தாள்தான். அதே கேள்விக்கு, “ட்ரை மீன்ஸ் பிரேக், மேம்”னான். கோரையைக் கிழிச்சுப் பார்த்தியான்னு கேட்டதும் ஆள்காட்டி விரலை நீட்டி, “வெரி தின், மேம். மை ஃபிங்கர் கட்” என்று தழும்பைக் காட்டினான். ரெண்டு பென்சிலை மேஜையில வச்சு, நூல் எப்படி மேலேயும் கீழேயும் போகும்னு விளக்கினான். கடைசியில என்னையே கேட்டான்: “யூ ஸீன் மேரேஜ் பாய், மேம்? நேம் இன்சைட்?” கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரைப் போட்டு நெய்வாங்களே, அந்தப் பாய்.

தேர்வாளரைப் பார்த்து ஒரு பிள்ளை கேள்வி கேட்டுட்டான்னா அங்க உரையாடல் நடக்குதுன்னு அர்த்தம். அவனுக்குத்தான் கூட மார்க் போட்டேன். ஸ்டாஃப் ரூமில் சண்டை. கிராமரே இல்லாத பையனுக்கா என்றார்கள். கிராமரைப் பார்க்க எழுத்துத் தேர்வு 80 மார்க்குக்கு இருக்கு, அங்க பார்த்துக்கிடுங்கன்னேன்.

தலைப்பை ஜூன் மாசமே கட்டிப்போட்டிரணும். ‘குளோபல் வார்மிங்’ வேண்டாம், ‘சோஷியல் மீடியா’ வேண்டாம். டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்து வர முடியாத எதுவும் வேண்டாம். காருகுறிச்சியில் பானை வனையுறவங்க இருக்காங்க. கூந்தன்குளத்துக்காரங்க பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்தவங்க. அந்த ஊர் ஆச்சி ஒருத்தியிடம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். பேட்டி தமிழில் எடுக்கட்டும், தேர்வில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஆச்சி சொன்னது எந்த ஏ.ஐ.க்கும் தெரியாது, பிள்ளைதான் தன் வாயால் ஆங்கிலமாக்கணும். எழுதினதைத் திருத்திக்கிட ஏ.ஐ.யை வச்சுக்கிட்டா வச்சுக்கிடட்டும், எனக்கு அதில் கோபமில்லை.

இன்னொண்ணு. பிள்ளை பேசும்போது நடுவுல திருத்தாதீங்க. “வென்ட், நாட் கோ”ன்னு நீங்க ஒரு தடவை சொன்னா, அப்புறம் அது எஸ், நோ தவிர வாய் திறக்காது.

கேள்வி: மகள் ப்ராஜெக்ட் நன்றாகச் செய்திருக்கிறாள். ஆள் முன்னால் நின்றால் வாயடைத்துப் போகிறது. முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? (தந்தை, வள்ளியூர்)

வேண்டாம் அண்ணாச்சி. மனப்பாடத்தில் ஒரு வரி விட்டுப்போனா மொத்தமும் போச்சு. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.ன்னு பத்தாம் வகுப்பு அளவுக்கு ஒரு சர்வதேசத் தேர்வு இருக்கு. அதோட முதல்மொழி ஆங்கிலப் பேச்சுத் தேர்வைப் பாருங்க. பிள்ளை தனக்குப் பிடிச்ச தலைப்பில் பேச 3, 4 நிமிஷம். அதிலிருந்து கேள்வி கேட்டு உரையாட 7, 8 நிமிஷம். மனப்பாடம் முதல் பாதிக்கு வேணா கைகொடுக்கும். பெரிய பாதி பின்னால வருது.

தினமும் ராத்திரி சாப்பிட்டபிறகு நீங்க ஒரு கேள்வி கேளுங்க. உங்களுக்கு ஆங்கிலம் வராதுன்னா தமிழிலேயே கேளுங்க, அவ ஆங்கிலத்தில் சொல்லட்டும். முழு வாக்கியம் எழுதாம, சின்ன அட்டையில் ஏழெட்டு வார்த்தை மட்டும் குறிச்சுக்கிடட்டும். பதில் தெரியலைன்னா என்ன சொல்லணும்னும் பழக்குங்க. “ஐ டிட் நாட் ஆஸ்க் தட், மேம், பட் ஐ திங்க்...”னு ஆரம்பிச்சு ஊகிச்சுச் சொல்லலாம். பேசாம நிக்கிறதுக்குத்தான் மார்க் கிடையாது.

கேள்வி: நாங்கள் அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மார்க்கும் எழுத்துத் தேர்வு. பிளஸ் டூவில் 90 எழுத்து, 10 அகமதிப்பீடு. பேச்சுக்கென்று தனி மார்க் இல்லாதபோது ப்ராஜெக்ட் வைவா எதற்கு? (ஆசிரியர், களக்காடு)

நியாயமான கேள்விதான் தம்பி. மார்க் இல்லாததைச் செய்யச் சொன்னா தலைமையாசிரியரும் முறைப்பார், பெற்றோரும் முறைப்பாங்க. அதனால பத்தையும் பிளஸ் டூவையும் விட்டுருங்க, ஒன்பதாம் வகுப்பில் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ரெண்டு பிள்ளைகள், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். கேள்வியை நீங்க கேட்காதீங்க, வகுப்பு கேட்கட்டும். நீங்க பின்பெஞ்சில் போய் உட்காருங்க. யார் எந்த வார்த்தைக்குத் தடுமாறுதாங்கன்னு குறிச்சுவைச்சு, திங்கட்கிழமை பேர் சொல்லாம எல்லாருக்குமாப் பாடம் எடுங்க.

கேள்வி: குழு ப்ராஜெக்டில் ஒருவன் உழைக்க, மூன்று பேர் பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். (ஆசிரியை, நாங்குநேரி)

ஒருத்தன் செஞ்ச பகுதியைப் பற்றி இன்னொருத்தனிடம் கேளுங்க. யாரிடம் எது கேட்பீங்கன்னு முன்கூட்டிச் சொல்லாதீங்க. முந்தின நாள் சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்து பேசித்தான் ஆகணும்.

கேள்வி: நான் ஆங்கிலம் பேசினால் நம்ம ஊர் ராகம் இழுக்கிறது என்று ட்யூஷனில் சிரிக்கிறார்கள். மார்க் குறையுமா? (மாணவன், மேலப்பாளையம்)

ராகத்துக்காக மார்க்கைக் குறைக்கிறவர் நல்ல தேர்வாளர் இல்லைய்யா. நீ சொல்லுறது புரியுதாங்கிறதுதான் கணக்கு. புரியணும்னா ரெண்டைச் சரிபண்ணு. ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’னு முன்னால ஒரு ‘இ’ போடாதே. வார்த்தையோட கடைசி ஒலியை முழுங்காதே. ‘வாக்ட்’டை ‘வாக்’னு விட்டா, நேத்து நடந்ததை இன்னைக்கு நடக்கிறதாச் சொல்லுதேன்னு அவர் நினைச்சுக்கிடுவார். மத்தபடி இழுத்தே பேசு. இழுத்துப் பேசினா அடுத்த வார்த்தையை யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

கேட்டல் தேர்வு பற்றி நிறையக் கடிதம் வந்திருக்கு. அடுத்த இதழில் எடுக்கேன்.