13 தனியாக வருவதில்லை

வணக்கம் சார்,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்று டியூஷனில் சொல்லியிருக்கிறார்கள். இவள், "91-க்கு வர்க்கமூலம் ஒன்பதரைதானே? ஆனால் 13 அதை வகுக்கிறதே, 13 ஒன்பதரையைவிடப் பெரிசாச்சே" என்று கேட்டிருக்கிறாள். "ரூல் அப்படித்தான், எழுதிக்கோ" என்று பதில் வந்ததாம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. எதற்காக அங்கே நிறுத்துகிறோம்?

ஒரு வாசகி

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் ஓர் எண்ணை எடுத்து உரசிப் பார்த்திருக்கிறாள், அதுவும் சரியான எண்ணை. அவளுக்குப் பதில் கிடைக்காமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் காட்டிவிடக்கூடிய விஷயம் இது.

வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் 36 எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். (மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு முந்திரிக்கொட்டையில் செய்து காட்டினேன். பண்ருட்டிப் பக்கம் உறவு இருந்தால் அதற்குப் பஞ்சமில்லை.) வரிசைகள் எல்லாம் சமமாக, மிச்சம் விழாமல் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசை என்றால் 36-ம் நீளமாகப் போகும். இரண்டு வரிசை என்றால் வரிசைக்கு 18. மூன்று என்றால் 12. நான்கு என்றால் 9. ஐந்து வரிசை வைத்தால் ஒரு கொட்டை மிச்சம் நிற்கும், கலைத்துவிட வேண்டியதுதான். ஆறாவதற்கு வரும்போது வரிசையும் ஆறு, வரிசைக்கும் ஆறு. சதுரம். வரிசை கூடக் கூட நீளம் குறைந்துகொண்டே வந்து இங்கே இரண்டும் சமமாகிவிட்டன. அந்த ஆறுதான் 36-இன் வர்க்கமூலம்.

இன்னும் மேலே போகச் சொல்லுங்கள். ஏழு, எட்டு ஒத்துவராது. ஒன்பது வரிசை வைத்தால் வரிசைக்கு நான்கு. "இது முன்னாடியே வந்ததுதானே" என்று அவளே சொல்லிவிடுவாள். ஆமாம், பாயைக் குறுக்கே திருப்பிப் போட்ட மாதிரி. 12, 18, 36 எல்லாம் அப்படித்தான். சதுரத்தைத் தாண்டினால் புதிய அடுக்கு எதுவும் கிடைக்காது.

சரி, 91-க்கு வருவோம். காரணிகள் ஜோடியாகத்தான் வரும். 13 வகுக்கிறது என்றால் 7-ம் வகுக்கிறது. ஜோடியில் இரண்டுமே ஒன்பதரையைத் தாண்டியிருக்க முடியுமா? தாண்டினால் ஒவ்வொன்றும் குறைந்தது 10. பத்துப் பத்து நூறு, 91-க்கு மேலே போய்விட்டது. ஆகவே ஒன்று கட்டாயம் கீழே இருந்தாக வேண்டும். வர்க்கமூலத்துக்கு மேலே காரணியே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. மேலே ஒன்று இருந்தால், அதன் ஜோடி கீழேயே நம் கையில் சிக்கியிருக்கும். அவ்வளவுதான். 2, 3, 5 பார்த்து 7-க்கு வந்ததுமே 91 மாட்டிக்கொண்டுவிடுகிறது.

36-இல் இன்னொன்றும் கவனிக்கச் சொல்லுங்கள். 6-க்கு ஜோடி அதே 6. அதனால் மொத்தக் காரணிகள் ஒன்பது, ஒற்றைப்படை. முழு வர்க்க எண்களுக்கு மட்டும்தான் இப்படி வரும். 100 வரைக்கும் அப்படிப்பட்டவை பத்தே பத்து.

வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும் என்பதை பைசா நகரத்து ஃபிபனாச்சி 1202-லேயே எழுதிவிட்டார். பத்து லட்சத்தை ஒட்டிய ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் ஏறத்தாழ ஆயிரம்தான். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 168. பத்து லட்சம் தடவை வகுப்பது எங்கே, 168 தடவை எங்கே!

காரணிகள் என்றாலே எனக்கு ராமானுஜன் ஞாபகம் வந்துவிடும். 1910-இல் வேலை கேட்டு அவர் போய் நின்றது திருக்கோவிலூரில், டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம். அன்று அந்த ஊர் நம் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 5040 அப்படி ஓர் எண், 60 காரணிகள். அதன் வர்க்கமூலம் 71-க்கு ஒரு மயிரிழை குறைவு, ஏனென்றால் 71-இன் வர்க்கம் 5041. அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் 30 காரணிகள், அந்தப் பக்கம் 30. நடுவில் ஒட்டி நிற்கும் ஜோடி 70-ம் 72-ம். இதை முதன்முதலில் எழுதிப் பார்த்த அன்று வெகு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், மகளுக்கு ஒரு கணக்கு. 2021 பகா எண்ணா? வர்க்கமூலம் 44-க்கும் 45-க்கும் இடையில். 2, 3, 5, 7 என்று பகா எண்களாக ஏறி வரட்டும். எதுவும் மிச்சமில்லாமல் வகுக்காது. பதின்மூன்றாவதாக 41-ஐயும் பார்த்து முடித்ததும், போதும், இது பகா எண்தான் என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எல்லைக்குள் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, 43. அதன் ஜோடி எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கே நிற்கிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.