அகராதியில் பார்த்த ஆங்கிலச் சொல்லையே எழுதினாலும் ஏன் சிலர் முகம் சுளிக்கிறார்கள்?

அகராதி சொல்லைத் தரும், தொனியைத் தராது. 'சந்தேகம்' என்று தேடினால் 'டவுட்' வரும். பாடத்தில் புரியாததைக் கேட்கத்தான் "ஐ ஹேவ் எ டவுட்" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கோ, "நீங்கள் சொல்வதை நம்பவில்லை" என்பதுபோல் படலாம். அங்கே 'கொஸ்டின்' போதும். 'கோரிக்கை' என்று தேடினால் வரும் 'டிமாண்ட்' இன்னும் மோசம், அதட்டிக் கேட்பதாகிவிடும்.

அதனால் தமிழ்ப் பொருளைப் பார்த்த கையோடு, கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதியையும் திறங்கள். பயப்பட வேண்டாம், விளக்கங்கள் பெரும்பாலும் 2000, 3000 எளிய சொற்களுக்குள் அடங்கிவிடும். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும், 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்' குறிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் கேபிடல் எழுத்தில் தட்டாதீர்கள். இணையத்தில் அது கத்துவதற்குச் சமம். என் முதல் மின்னஞ்சல்கள் எல்லாம் அப்படிக் கத்தியவைதான்!