60 கிலோவும் 56 கிலோவும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கேரியாவின் நொரைர் நுரிக்யான் பளுதூக்குதலில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்று, பிறகு தேசிய அணிக்கே பயிற்சியாளரானவர். சாம்பியனாக இருந்தவர்தான் நல்ல பயிற்சியாளராக முடியுமா? நானும் வேலை முடிந்து இரவில் பல்கேரிய முறைப்படி தினமும் மேக்ஸ், அதாவது உச்ச எடை, தூக்குகிறேன். மூன்று வாரமாக முழங்கால் வலி. அவர் 60 கிலோ உடல் எடைப் பிரிவிலிருந்து 56க்கு இறங்கியதைப் போல நானும் எடை குறைத்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். நுரிக்யானின் பயிற்சியாளர் இவான் அபஜியெவ் தூக்குபவராக எட்டிய உச்சம் 1957 தெஹ்ரான் உலகப் போட்டியின் வெள்ளி. விடுங்கள்.

எடைக்கு வருகிறேன். அந்த 56 கிலோவை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன்.

1972 முனிச் ஒலிம்பிக், 60 கிலோ பிரிவில் நுரிக்யான். பிரஸ் (தோளிலிருந்து கைபலத்தால் மேலே தள்ளுவது) 127.5, ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல்) 117.5, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 157.5. மொத்தம் 402.5, சோவியத்தின் ஷனித்சே 400. அந்த ஒலிம்பிக்கோடு பிரஸ்ஸை எடுத்துவிட்டார்கள். மிச்சம் 275. அதே 60 கிலோவில் 1976 மான்ட்ரியலில் கொலெஸ்னிகோவ் 285, பல்கேரியாவின் தொதொரோவே 280. அந்த 275ஐ வைத்து வெண்கலத்துக்குத்தான் மல்லுக்கட்ட முடியும். நுரிக்யான் 56இல் தூக்கியது 117.5, 145, மொத்தம் 262.5. இரண்டாமிடம் 252.5. ஸ்னாட்சில் அரைக் கிலோகூடப் போகவில்லை, ஜெர்க்கில் 12.5 போயிற்று. அதைப் பறிகொடுத்தும் 10 கிலோ முன்னால் நின்றார்.

உங்கள் கணக்கு எங்கே? கீழ்ப்பிரிவில் போன முறை மூன்றாமிடம் வந்தவரின் மொத்தத்தை எழுதுங்கள். உங்கள் மொத்தத்தில் 10 கிலோவைக் கழியுங்கள். அப்போதும் நீங்கள் மேலே இருந்தால் எடையைப் பற்றிப் பேசுவோம்.

தண்ணீரை வற்றவைத்து இறங்கலாம் என்று யாராவது சொன்னால் 1988 சியோலை நினைத்துக்கொள்ளுங்கள். பல்கேரியாவின் கிராப்லெவ், கென்செவ் இருவரின் தங்கமும் ஃபியூரோசிமைடால் பறிபோனது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து அது. மிச்ச அணியும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது.

முழங்கால் வலி நீங்களே வரவழைத்தது. தினசரி மேக்ஸ் என்பது சொந்த சாதனை அல்ல ஐயா, அன்றைக்குச் சுத்தமாக ஏறுகிற ஒற்றைத் தூக்கு. வெறும் பார், 50 கிலோ, 70, 80, பிறகு ஐந்தைந்து கிலோவாக. வேகம் தளர்ந்தால் அங்கேயே நிறுத்தம். இரண்டு முறை தவறினால் 15 கிலோ இறக்கி, இரண்டிரண்டாக மூன்று செட். வீம்புக்கு ஐந்தாவது முறை இழுத்தால், களைத்த காலோடு, முன்னால் ஓடும் பாரைத் துரத்திப் பிடிப்பீர்கள். அந்தச் சுமையெல்லாம் முழங்காலில்தான் இறங்கும். அபஜியெவின் பையன்கள் முகாமிலேயே உண்டு உறங்கி, இடைவேளை விட்டு விட்டுத் தூக்கியவர்கள். நீங்களோ எட்டு மணி நேர வேலைக்குப் பின் தூக்குகிறீர்கள்.

ஆறு வாரம் மேக்ஸ் வேண்டாம். வாரம் மூன்று நாள், உங்கள் உச்சத்தில் 75 சதவீதம், பிரண்ட் ஸ்குவாட் (பாரை முன்தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மூன்று மூன்றாக, வலி வராத ஆழம்வரை மட்டும். வீக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.