எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா? தீப்போர்வை என்பது என்ன?

தீப்போர்வை என்பது பெரும்பாலும் கண்ணாடி இழையால் நெய்யப்பட்ட, எளிதில் எரியாத துணி. எரியும் சட்டியை மூடிக் காற்றைத் தடுப்பதே அதன் வேலை. அகல் விளக்கின்மேல் டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் சுருங்கி அணைவது போலத்தான் இதுவும்.

தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். தாளிக்கும்போது ஈரக் கறிவேப்பிலையில் ஒட்டிய இரண்டு சொட்டே எப்படிப் படபடவெனத் தெறிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் குளிருக்குச் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் பஜ்ஜி சுடுகிறோம். அறைக்குள் புகை விரைவில் சூழ்ந்துவிடும், வளைவுகளைக் கடந்து தீயணைப்பு வண்டி வரவும் நேரமாகும். ஆகவே போர்வையை அடுப்புக்கு மேலே அல்லாமல், கதவோரம் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். தீப்பிடித்தால், முடிந்தால் அடுப்பை நிறுத்திவிட்டு, போர்வையின் மேல்விளிம்பில் கைகளை மறைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்திலிருந்து அப்பால் நோக்கி மெல்ல மூடுங்கள். அணையாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

சுடர் மறைந்ததும் தீ அணைந்துவிட்டது என்று எண்ணிப் பலர் போர்வையை உடனே தூக்கிப் பார்க்கிறார்கள். எண்ணெய் முழுவதும் ஆறாத வரை, காற்றுப் பட்டதும் அது மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும்.