மேடை குறைந்த பிறகு ஒரு கூத்து ஆர்மோனியக்காரரின் நாள் எப்படிப் போகும்?

"வயதான இசைக் கலைஞர்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? வாய்ப்பு குறைந்துவிட்டால் வாத்தியத்தை மூடி வைத்துவிடுவார்களா?" என்று ஒருவர் கேட்டிருப்பதைப் பேத்தி படித்துக் காட்டினாள். நான் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். வயது 69. ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். நான் சொல்லச் சொல்ல அவள்தான் போனில் தட்டுகிறாள்.

மூடி வைக்கவில்லை. ஆனால் கை போகும் இடம் மாறிவிட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் தூக்கம். கூத்தில் இரவு பத்து மணிக்குத் திரை பிடித்தால் விடிந்துதான் மங்களம் பாடுவோம். மாசி பிறந்தால் ஆடி வரைக்கும் இதுதான் எங்கள் பிழைப்பு. நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படி இருந்த உடம்பு, இப்போது ஒன்பது மணிக்குப் படு என்றால் படுக்குமா? இரண்டு மணி வரை எனக்குத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் வாசித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதனால் காற்றடிக்கும் துருத்தியைத் திறக்காமல் கட்டைகளை மட்டும் அழுத்துவேன். காற்று போகாததால் சத்தம் வராது, டக் டக் என்று கட்டை விழும் ஒலி மட்டும் கேட்கும். ஒரு நாள் உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரி, "என்னாங்க, அர்ஜுனன் தபசா?" என்று கேட்டாள். அந்தக் கூத்துப் பாட்டேதான். பாட்டே இல்லாமல் விரல் விழும் தாளத்தை வைத்துச் சொல்லிவிட்டாள். கல்யாணமான புதிதில், வருஷத்தில் பாதி ராத்திரி நான் வீட்டில் இல்லை என்று அவள் அழுதிருக்கிறாள். எந்தக் கூத்துக்கும் முழுசாக உட்கார்ந்ததில்லை, மாடு கன்றை யார் பார்ப்பது? அப்படிப்பட்டவள் காதில் இவ்வளவு ஏறியிருக்கிறது.

பகல் பொழுதில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு மாடு. காலையில் பால் சொசைட்டி, அப்புறம் கொல்லையில் கொஞ்சம் ராகியும் தக்காளியும். மகன் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் பார்த்து வந்து போவான். மருமகள் கையால் மதியம் களியும் கீரையும். நலிந்த கலைஞர் உதவித்தொகை மாதம் 3000 ரூபாய் வருகிறது, மாத்திரைக்குச் சரியாகப் போகிறது.

சாயங்காலம்தான் எனக்கு நாள் தொடங்கும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடை வைத்திருப்பவர் முப்பது வருஷம் திரௌபதி வேஷம் கட்டினவர். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்குப் பாஞ்சாலி, எனக்குப் பாஞ்சாலி அண்ணன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாஞ்சாலி தாத்தா. வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணிக்கு மேல் அடுப்பைத் தணித்துவிட்டு பெஞ்சைச் சுவர் ஓரம் போடுவார். எங்கள் மிருதங்கக்காரர் மச்சான் முறை, டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். போன வருஷம் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இருட்டில் நடக்க பயப்படுகிறார், திரும்பும்போது என் மகனோ நானோ வண்டியில் கொண்டுபோய் விடுவோம். மூன்று பேரும் இரண்டு மணி நேரம் பாடுவோம், வாசிப்போம். கேட்க யாராவது நின்றால் நிற்பார்கள்.

இப்போது கட்டைக் கணக்கைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஆர்மோனியத்தில் சுருதியைக் கட்டையால் சொல்வோம். ஒரு வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த கருப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு, அடுத்த கருப்பு இரண்டரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கருப்பு கிடையாது. இப்படியே ஏறிப் போகும். சபாவில் பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று வைத்துக்கொள்வார்கள். நாங்கள் கூத்தில் நாலரை, ஐந்து. மைக் இல்லாத காலத்தில் வந்த பழக்கம் அது. அறுவடை முடிந்த நிலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், சுற்றிலும் பாய் விரித்த ஜனம், தூரத்தில் மாட்டு வண்டி மேல் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை புரிய வேண்டும். அடித்தொண்டையில் பாடினால் நாலு வரிசை தாண்டாது. மைக் வந்த பிறகும் எங்கள் ஆட்கள் கட்டையை இறக்கவில்லை. உச்சத்தில் பாடினால்தான் வேஷத்துக்கு வீரம் என்று மனதில் பதிந்துவிட்டது.

நான் 1973இல் வாத்தியாரிடம் ஆர்மோனியப் பெட்டி பிடித்தபோது எல்லாப் பாட்டையும் ஐந்து கட்டையில்தான் கற்றேன். ஐந்தில் மோகன ராகம் வாசித்துப் பாருங்கள், சரிகபத எல்லாமே வெள்ளைக் கட்டையில் விழும். அரைக் கட்டை இறக்கி நாலரைக்கு வந்தால் அதே மோகனம் முழுக்கக் கருப்புக் கட்டை. ஒரு வெள்ளைகூடக் கிடையாது. கேட்கிறவர்களுக்குச் சுருதி சற்று இறங்கியது, அவ்வளவுதான். வாசிக்கிறவன் கைக்கு அது வேறு ஊர்.

பாஞ்சாலி அண்ணனுக்கு அறுபது வயதைத் தொட்ட சமயம். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதம், அன்று துகில் உரிதல். சபையில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியதும் கண்ணனைக் கூப்பிட்டு ஒரு விருத்தம், தாளமில்லாமல் நீட்டிப் பாடும் பாட்டு, பாடுவார். முந்தின வருஷம் வரை அந்த உச்சம் தானாக வரும். அன்று முதல் காட்சியிலேயே மேல் சட்ஜத்துக்கு, அதாவது மேல் ஸ-வுக்கு, கழுத்து நரம்பு புடைப்பதைப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். விருத்தத்துக்கு முன்னால் கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் அரைக் கட்டை இறக்கிச் சுருதியைப் பிடித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாடினார். கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். நான் கருப்புக் கட்டைகளைத் தேடித் தேடி வாசித்தேன், இரண்டு இடத்தில் விரல் தப்பியது.

விடிந்து டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கட்டை மாத்தினியா?"

"ஆமாண்ணே."

"சொல்லிட்டு மாத்துடா."

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நாலு, மூன்று என்று வருஷத்துக்கு வருஷம் இறங்கி இப்போது டீக்கடையில் இரண்டரை. ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான பாட்டுக்கு நான் கையை மறுபடி பழக்கியிருக்கிறேன். ராத்திரி சத்தமில்லாமல் கட்டை அழுத்துவதும் இதற்காகத்தான். கீபோர்டு வாசிக்கும் பையன்கள், "ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி மாறிவிடுமே, எதற்கு இந்தக் கஷ்டம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான், நல்ல பையன்கள்தான். ஆனாலும் விருத்தத்தில் பாடுகிறவர் ஒரு சொல்லை நீட்டும்போது அவர் மூச்சு எங்கே தேய்கிறதோ அங்கே நானும் துருத்தியைத் தேய விடுவேன். அவர் மறுபடி எடுக்கும்போது காற்றைக் கூட்டுவேன். இடது கை செய்யும் இந்த வேலையை நான் வலது கையின் வாசிப்பைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆர்மோனியத்துக்கு ஒரு காலத்தில் மரியாதை இல்லை என்பதும் தெரியும். 1940இல் அகில இந்திய வானொலி இதற்குத் தடை போட்டது, 1971இல்தான் தளர்த்தினார்கள். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது, சுரங்கள் தனித்தனியாக நிற்கும் என்பது முக்கியக் குறை. உண்மைதான், வராது. கூத்தில் கமகத்தைப் பாடுகிறவர் பார்த்துக்கொள்வார், அவர் சாய்ந்துகொள்ளப் பெட்டி ஒரு தூண்.

என் பெட்டி குஜராத் பாலிதானா ரீடு போட்டது. ஒரு முறை டவுனில் ஒருவரிடம் சுருதி சேர்க்கக் கொடுத்தேன். அவர் அளவு தெரியாமல் சுரண்டி மூன்று ரீடு ஒடிந்து போனது. அன்று பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த வேதனை சொல்லி முடியாது. அதிலிருந்து நானே பார்த்துக்கொள்கிறேன். ரீடு என்பது சின்னப் பித்தளை நாக்கு. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். நாக்குக்கு அடியில் ஒரு பழைய போஸ்ட் கார்டுத் துண்டைக் கொடுத்துவிட்டு, ஒரு இழுப்பு சுரண்டி, மாட்டிக் கேட்டு, மறுபடி கழற்றி... ஒரு ரீடுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அடிக்கடி வாசிக்கிற ரீடு சுத்தமாக இருக்கும். தொடாமல் விட்டதில்தான் தூசி போய் உட்காரும்.

மேடையையும் முழுக்க விடவில்லை. பாரதக் கூத்து நடக்கும் பதினெட்டு ராத்திரிக்கும் இனி உடம்பு தாங்காது, இடது தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முதல் ராத்திரிக்கும் கடைசி ராத்திரிக்கும் மட்டும் போகிறேன். கடைசி ராத்திரி முடிந்து விடிந்தால் படுகளம். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் பெரிய மலை மாதிரி மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். அதற்குப் பிறகு துரியோதனன் பெண்டாட்டி வந்து அழும் பாட்டு. வெயில் ஏறிவிடும், கண் எரியும், விரல் மரத்திருக்கும், ஆனால் அந்த ஒப்பாரியை மட்டும் வேறு யார் கையிலும் நான் இன்னும் விடவில்லை. ராத்திரி முழுக்கத் துரியோதனனைத் திட்டிய ஜனமே அவன் பெண்டாட்டிக்காக அழும். நான் சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

பேத்தி எட்டாம் வகுப்பு. இந்த இடத்துக்கு வந்ததும், "என்னைப் பத்தி எழுதாதீங்க தாத்தா" என்கிறாள். கொஞ்சம்தான் கண்ணு, பொறுத்துக்கோ. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடப் போகிறாள். சுருதி பார்க்கப் போன வாரம் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். இரண்டரையில் ஆரம்பித்தாள், குரல் கீழே கிடந்து திணறியது. நாலுக்கு ஏற்றினேன், போதவில்லை. ஐந்தில் வைத்ததும் குரல் திறந்துகொண்டது. பாட்டு மோகனம். பத்து வருஷத்துக்கு மேல் ஐந்தில் வாசித்ததில்லை, ஆனால் கை தேடவே இல்லை. வாத்தியார் எதிரில் உட்கார்ந்து பழகிய அதே வெள்ளைக் கட்டைகளில் தானாக ஓடியது.

உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பாஞ்சாலி அண்ணன் ஈரக் கையோடு வெளியே வந்து நின்றார். அவள் மேல் சட்ஜத்தைப் பிடித்தபோது அவர் வாயும் கூடவே திறந்தது. சத்தம் வரவில்லை. வலது கை மட்டும் கண்ணனைக் கூப்பிடும் இடத்தில் எழுவது போல மெல்ல எழுந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு தாள நடையைக் கொஞ்சம் நிதானமாக்கி வாசித்தார், வேஷம் சபைக்குள் வரும்போது வாசிப்பது மாதிரி.

அவள் சட்ஜத்துக்கு மேலே அடுத்த சுரமான ரிஷபத்துக்குப் போனாள். அந்த ரீடு கரகரத்தது. இரண்டரையில் வாசிக்கும்போது அவ்வளவு மேலே நான் போவதே இல்லை, தூசி அடைந்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக்கு மாட்டு வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றப் போகிறேன்.