மைசூர் ரேஸ்: புத்தகத்தைப் பார்ப்பதா, குதிரையைப் பார்ப்பதா?

கேள்வி: தசரா விடுமுறையில் கோபியிலிருந்து நண்பர்கள் நாலு பேர் மைசூருக்குக் குதிரை ரேஸ் பார்க்கப் போகிறோம். காங்கேயம் மாடு வளர்க்கும் எங்கள் அப்பாருவும் கூட வருகிறார். "கண்ணால பாத்தாலே எது ஓடும்னு தெரிஞ்சுரும், பொஸ்தகம் எதுக்குடா பேராண்டி" என்கிறார். ஓடும் குதிரைகளின் விவரம் போட்ட ரேஸ் புக்கை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அன்றைக்கு ஏழெட்டு ரேஸ் இருக்கும். ஜெயிக்கக்கூடிய குதிரையை எப்படிக் கணிப்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. புத்தகம் முதலில், கண் அப்புறம். இந்த வரிசையை மாற்றினால்தான் வம்பு.

முன்பென்றால் மேட்டுப்பாளையம் ஏறி ஊட்டிக்கே போகச் சொல்லியிருப்பேன். ஏப்ரல், மே ரேஸ் சீசனில் கோவைக்காரர்கள் பலரை அங்கேதான் பார்க்க முடிந்தது. குத்தகை பாக்கிக்காக 2024-ல் அரசு அந்த ரேஸ் மைதானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நமக்குப் பக்கம் என்றால் மைசூர்தான். அன்றைக்கு ரேஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

ரேஸ் புக் கையில் வந்ததும் எந்தக் குதிரை என்று தேடாதீர்கள். எந்த ரேஸை விடுவது என்று பாருங்கள். இதுவரை ஓடாத இளங்குதிரைகள் பாதிக்கு மேல் இருக்கும் ரேஸில் கணிக்க ஒன்றுமே இல்லை, அப்பன் பெயரும் ஆத்தாள் பெயரும்தான் இருக்கும். தரம் குறைந்த கடைசிப் பிரிவில் வயதான குதிரைகள் முறை வைத்த மாதிரி ஒன்றையொன்று தோற்கடித்துக்கொண்டிருக்கும், அதையும் விடுங்கள். எட்டு ரேஸில் எனக்கு இரண்டு தேறினால் அது நல்ல நாள்.

மிச்சமிருக்கும் ரேஸ்களில் பார்க்க வேண்டியது எடை. இதைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசிப் புத்தகம் புரிந்துவிடும். நம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக ஓடுகிறது. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து நேரத்தைக் குறிக்கிறார்கள். குறைந்த நேரம் எதுவோ அதற்குப் பரிசு. இங்கே அப்படி இல்லை. எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன, அதுவும் வேறு வேறு எடையைச் (ஓட்டுபவரும் சேணமும் சேர்த்து) சுமந்துகொண்டு. நன்றாக ஓடும் குதிரைக்கு ரேட்டிங் (திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண்) ஏறும், ரேட்டிங் ஏறினால் எடையும் ஏறும். ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. இதுதான் ஹேண்டிகேப்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செவலை, காரி என்று இரண்டு குதிரைகள் போன மாதம் 1,400 மீட்டரில் மோதின என்று வையுங்கள். செவலைக்கு 54 கிலோ, காரிக்கு 57 கிலோ. செவலை இரண்டு லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர்.) ஜெயித்ததற்காகச் செவலைக்கு 8 புள்ளி ஏற்றிவிட்டார்கள், அதாவது 4 கிலோ. இன்றைக்கு அதே தூரத்தில் செவலை 58, காரி 57. போன தடவை 3 கிலோ சலுகையோடு ஓடிய குதிரை, இன்று ஒரு கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இந்தத் தூரத்தில் ஒரு கிலோவுக்குத் தோராயமாக ஒரு லெங்த் என்று வைத்தால், நாலு லெங்த் காரிப் பக்கம் சாய்கிறது. போன தடவை விட்ட இரண்டைக் கழித்தாலும், காகிதத்தில் காரி இரண்டு லெங்த் முன்னால் நிற்கிறது. கூட்டமோ "போன ரேஸ் ஜெயிச்ச குதிரை" என்று செவலை மேல் பணத்தைக் கொட்டும்.

பெயருக்குப் பக்கத்தில் கடந்த ஓட்டங்களின் இடங்கள் எண்களாக இருக்கும். 7 என்று பார்த்ததும் அடித்துவிடாதீர்கள். அந்த ஏழாவது இடம் எந்தப் பிரிவில், எந்தத் தூரத்தில் வந்தது? பிரிவுகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். உதாரணத்துக்கு ரேட்டிங் 20 முதல் 45 வரை ஒரு பிரிவு, 40 முதல் 65 வரை அடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 ரேட்டிங் உள்ள குதிரை மேல் பிரிவில் லேசான எடையோடு ஓடி ஏழாவது வரும். அதுவே கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் தலைச்சுமை கூடும், ஆனால் எதிரில் நிற்பவை சோப்ளாங்கிகள். இப்படி இறங்கி வருகிற குதிரை என் கண்ணுக்கு முதலில் படும். 1,200 மீட்டரில் கடைசியில் வேகம் எடுத்து நாலாவது வந்த குதிரையை இப்போது 1,600-க்கு மாற்றியிருந்தால், அதையும் குறித்துக்கொள்வேன்.

லாடம் அலுமினியமா இரும்பா என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறினால் டிரெய்னர் இன்றைக்கு ஒரு கை பார்க்க நினைக்கிறார் என்று ரேஸ்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பேசிக்கொள்கிற அளவுக்கு இல்லை. காலைப் பயிற்சியில் 600 மீட்டரை 40 வினாடிக்குள் முடித்தது என்று பேப்பரில் வந்தால், குதிரை உடம்பு நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பெனட்ரோமீட்டர் எண் அறிவிப்பார்கள். எண் கூடக் கூடத் தரை மெத்து. ஈரத் தரையில் முன்பு ஓடித் தேறிய குதிரைக்கு அன்று மரியாதை கொடுங்கள்.

இப்படிக் கழித்தால் ஒரு ரேஸில் மூன்று குதிரை மிஞ்சும். இப்போது அப்பாருவைக் கூப்பிடுங்கள்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளைப் பேடக்கில் (கம்பி போட்ட வளாகம்) எல்லோரும் பார்க்கச் சுற்றி நடத்துவார்கள். அப்பாருவைக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எது ஜெயிக்கும்" என்று கேட்காமல், "இந்த மூணுல சந்தையில நீங்க எதை வாங்க மாட்டீங்க" என்று கேளுங்கள். மாடு பார்த்த கண் குறையைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. நடையில் பின்னங்கால் குளம்பு முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா, வயிறு ஒட்டி விலா லேசாகத் தெரிகிறதா, பின்தொடை புடைத்திருக்கிறதா, மயிர் எண்ணெய் தடவியது போல மின்னுகிறதா என்று அவரே பார்த்துவிடுவார். பின்னங்கால்களுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி வெள்ளை வியர்வை வழிந்தால், அந்தக் குதிரை ஓடுவதற்கு முன்பே பாதி ஓடிவிட்டது.

ஆனால் அவர் கண் ஏமாறும் இடங்களும் உண்டு. நமக்குக் காங்கேயம் காளையின் திமிலும் கட்டும் பார்த்துப் பழக்கம், பெரிய உருப்படி மேல் மனசு போகும். இங்கே ஒல்லியாக, கழுத்து நீண்டு, ஊருக்குப் போக மறந்த மாதிரி சும்மா நிற்கிற குதிரை கண்முன்னே பறந்துவிடும். அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு ஆடி மாதம் போய் வந்தவர் என்றால் ராசி பார்க்க மயிர்ச் சுழி தேடுவார். ராஜசுழி, விலங்கு சுழி எல்லாம் இந்தத் தரையில் செல்லாது என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் ஊட்டியில் ஒரு தடவை உருவத்துக்கு மயங்கி, புத்தகத்தில் அடித்து வைத்திருந்த குதிரை மேலேயே பணம் கட்டினேன். அது கடைசியிலிருந்து இரண்டாவது. கீழே இறங்கும்போது டீ வாங்கிக் கொடுத்தது கூட வந்தவர்.

பணம் கட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் பெரிதும் நம்பும் பேவரிட், உலகத்தில் எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய மூன்று ரேஸுக்கு ஒன்றுதான் ஜெயிக்கிறது. 2023 அக்டோபர் முதல் பந்தயத்தின் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆகவே நன்றாகக் கணிக்கிறவனும் மொத்தத்தில் கையைக் கடித்துக்கொள்வான். சினிமா டிக்கெட்டுக்கு ஒதுக்குவது போல ஆளுக்கு ஒரு தொகையைத் தனிப் பாக்கெட்டில் வையுங்கள், தீர்ந்தால் வேடிக்கை பாருங்கள். வாசலில் துண்டுச் சீட்டு விற்பவரிடமும், வாட்ஸ்அப்பில் 'ஷூர்' அனுப்புபவரிடமும் பேச்சே வேண்டாம். ஊரில் உட்கார்ந்து போனில் பந்தயம் பிடிப்பவர்களிடம் கட்டுவது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

அப்புறம், கடைசி ரேஸ் வரை நிற்க வேண்டாம். திரும்பி வரும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே ஆசனூரைத் தாண்டிவிட்டால் அப்பாரு பண்ணாரியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேர்வார்.