இயற்கைப் பொருட்களை வைத்து சொரியாசிஸுக்கு ஜெல் தயாரிக்க முடியுமா?

முடியும். ஆனால் கஷ்டம் மூலிகையில் இல்லை, ஜெல்லில்தான். எம்.ஃபார்மில் (மருந்தியல் முதுகலை) என் ப்ராஜெக்டே மஞ்சளில் இருக்கும் குர்குமினை வைத்து ஜெல் செய்வது என்பதால் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

சொரியாசிஸில், ஒரு மாதத்தில் மேலேறி உதிர வேண்டிய தோல் செல்கள் நாலைந்து நாளிலேயே மேலே வந்து செதிலாகக் குவிகின்றன. அவற்றை இப்படி அவசரப்படுத்துபவை ஐஎல்-17, ஐஎல்-23 போன்ற அழற்சிப் புரதங்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் குர்குமின் அழற்சியை அடக்கிக் காட்டும். தட்டில்தான் மருந்தை வழிமறிக்கும் செதில் கிடையாதே!

மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருந்தால் தோலுக்குள் நுழையலாம் என்பது பொதுவான கணக்கு. குர்குமின் 368தான். ஆனால் அது தண்ணீரில் கரையாது, ஜெல்லோ பெரும்பகுதி தண்ணீர். ஜெல்லாக்கும் பொடியான கார்போபாலை ஊறவைத்து, கெட்டிப்படுவதற்கு ட்ரைஎத்தனோலமைன் என்ற காரப்பொருளைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒரு நாள் கை தவறி அதிகமாக விழ, மஞ்சள் ஜெல் கண்ணெதிரே சிவந்துபோனது. காரத்தன்மை ஏறினால் குர்குமின் நிறம் மாறுவதோடு சிதையவும் செய்யும். வெளிச்சமும் ஆகாது. சரி, எத்தோசோம் என்னும் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் அடைத்துப் பார்க்கலாம் என்றால், அதில் ஆல்கஹால் உண்டு. வெடித்த தோலில் எரியும்.

அப்புறம் சோதனை. பன்றிக் காது தோலில் ஊடுருவலை அளப்போம். அது ஆரோக்கியமான தோல். நோய் எதிர்ப்பைத் தூண்டும் இமிக்விமோட் என்ற மருந்தைத் தடவிய எலிக்கு ஒரு வாரத்துக்குள் சொரியாசிஸ் போலவே வரும், தடவுவதை நிறுத்தினால் தானாகவே தணியும். மனிதருக்கு வருவது வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிற நோய். அதனால் ‘எலியில் குணமானது’ என்ற செய்தியை நான் பாதிதான் நம்புவேன்.

ஜெயித்த கதையும் உண்டு. 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொரியாசிஸுக்கு அனுமதித்த 1% டபினாரோஃப் கிரீமின் மூலக்கூறு, புழுக்களோடு வாழும் ஒரு பாக்டீரியாவில் கண்டெடுக்கப்பட்டது. மருந்தில் இருப்பது செயற்கையாகத் தயாரித்த அதே மூலக்கூறு.

வீட்டிலேயே அரைத்துப் பூசலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் வேண்டாம் என்பேன். ப்ரிசர்வேட்டிவ் இல்லாத கலவையில் கிருமி வளரும். அதைவிட முக்கியம், சொரியாசிஸ் உள்ளவர்களில் பலருக்குத் தோல் எரிச்சல்பட்ட இடத்திலேயே புதிய திட்டுகள் கிளம்பும். இதற்கு கோப்னர் விளைவு என்று பெயர்.